டம்மிக்கு எவனாச்சும் பேரிங் போடுவானா

சென்னியப்பன் குடும்பத்தப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்களா? கேளுங்க. பொண்ணெடுக்கறவங்க நாலு எடத்துல விசாரிக்கோணும், அதுதான் மொறை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமனுங்களா நீங்க? காங்கயம் பக்கமா. செரி செரி. வெய்யில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, கொஞ்சம் ஆடும். இதுவும் ஆடும். அந்த ஸ்டூல செவுத்தோரமா இழுத்துப் போட்டுக்கங்க, சாஞ்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது. எல்லாம் நம்ம பட்டறையில பண்ணுனதுதான்.

நான் ஒருத்தரப் பத்தித் தப்பாப் பேசற ஆளு கெடையாதுங்க. ஈஸ்வரமூர்த்தி எப்படின்னு இந்த ரோட்டுல யாரை வேணாலும் கேளுங்க. ஆனா கல்யாண விசயத்துல உள்ளத மறைக்கறது பாவம். இதுக்கு முன்னால ரெண்டு எடத்துல இருந்து இதே மாதிரி விசாரிக்க வந்தாங்க. உள்ளதச் சொன்னேன். அதுக்கப்பறம் சென்னியப்பன் ஊட்டுப் பக்கமே அவங்க எட்டிப் பாக்கல. அந்தப் புள்ள கோகிலவாணிக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. நீங்க மூணாவது. இதுவும் தட்டிப் போச்சுன்னா அவங்கம்மா எந்திரிக்க மாட்டா, ஏற்கெனவே பாதி நாள் படுத்துக்கிட்டுத்தான் இருக்கறா. அதுக்கு நான் என்னங்க பண்றது? பொய் சொல்லச் சொல்றீங்களா?

புள்ளையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அப்பனப் பத்தித்தான் சொல்றேன். அவன் ஒரு துரோகிங்க. கூடவே இருந்து குழி பறிச்சவன். ஆத்திரத்துல சொல்றன்னு நெனைக்காதீங்க. நடந்தத நடந்தபடி சொல்றேன், நாயம் எங்க இருக்குதுன்னு நீங்களே பாத்துக்கங்க.

கேட்டு, கிரில்லு, ஷட்டரு, மாட்டுக் கொட்டாய்க்குத் தகரம், இதுதான் நம்ம தொழில். அவன் பட்டறை அந்த வளைவு தாண்டி, மரக்கடைக்கு எதுத்தாப்புல. ரெண்டு பேரும் ஒரே வருசத்துல பட்டறை போட்டோம். எனக்கு வெல்டிங் ராடு தீந்து போனா அவன்கிட்ட வாங்குவேன், அவனுக்கு அறுக்கற மிசின் பழுதானா இங்க வந்து அறுத்துட்டுப் போவான். என்ர ஊட்டுல ரெண்டும் பசங்க, ரெண்டும் ஓசூர்ல இருக்கறானுக. அந்தக் கோகிலவாணி என்னையப் பெரியப்பான்னு கூப்புட்டுக்கிட்டு இங்கதான் கெடப்பா. அப்படிப் பழகுன குடும்பம். அதனாலதான் சொல்றேன், வெளியாளுங்க பண்ணியிருந்தா நான் இவ்வளவு வெசனப்பட்டிருக்க மாட்டேன்.

எனக்குக் கவர்மெண்ட் வேலை மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. ஊட்டுக்காரனுக்கு ஒரு கேட்டு பண்ணிக் குடுத்தா, அவன் பத்துத் தடவ வந்து நிப்பானுங்க. இங்க கீறிருச்சு, அங்க ஆடுது, கொண்டி போட்டா சிக்குதும்பான். அவன் பணம், அவன் ஊடு, கேக்கத்தான் செய்வான். கவர்மெண்டுக்குப் பண்ணுனா கேக்கறதுக்கு ஆளே கெடையாது. அதுல இருக்கற நிம்மதி வேறெதுலயும் இல்ல. போர்டு பாத்தீங்களா, வெளிய? 'அரசு ஒப்பந்ததாரர்'னு கீழ எழுதியிருக்குது பாருங்க. ஆர்டர் வந்ததுக்கு அப்பறம் எழுதறதுக்கு, பெயிண்டர் வந்தப்பவே சேத்து எழுதிட்டேன். இன்னும் ஒரு ஆர்டரும் வரல, அது வேற விசயம்.

இந்தப் பேரூராட்சி ஆபீசுக்கு நான் நடந்த நடைக்கு, பழனிக்கு நடந்திருந்தா முருகனே எந்திரிச்சு வந்திருப்பான். அப்ப ஒரு ஈ.ஓ. இருந்தாருங்க. செயல் அலுவலரு, ஆபீசுல அவரு வெச்சதுதான் சட்டம். தங்கமான மனுசன். ஊட்டுக்குக் கேட்டு வேணும்னாரு, போட்டுக் குடுத்தேன். பேத்திக்கு ஊஞ்சல்னாரு, பண்ணிக் குடுத்தேன். மொட்டை மாடிக்கு ஒரு தகரக் கொட்டாய். ஒருக்காக்கூட வாயத் தொறந்து என்கிட்டக் காசு கேட்டதில்லீங்க, அத்தன நாணயம். கிளார்க்கு ஊட்டுக்குச் செருப்பு ஸ்டாண்டு. ஆபீஸ் ஷட்டர் சிக்கிக்கிச்சுன்னா போன் பண்ணுவாங்க, சாப்பிடற கையோட ஓடுவேன். ஆயுத பூசைக்குப் பொரி கடலை, மாலை, பூசணிக்காய் முச்சூடும் என்ர செலவு.

என்ர ஊட்டுக்காரி ருக்குமணி கேப்பா. "ஏனுங்க, ஆபீசுக்காரங்க ஊட்டுக்கெல்லாம் தகரம் மேஞ்சுட்டீங்க, நம்ம சமையக்கட்டு ஒழுகுதே"ன்னு. பொம்பளைக்கு என்ன தெரியும் தொழிலப் பத்தி.

ஒரு நாள் ஈ.ஓ. கூப்புட்டு உக்கார வெச்சாருங்க. உக்கார வெச்சதே அன்னிக்குத்தான். "ஈஸ்வரமூர்த்தி, குப்பை வண்டி வாங்கப் போறோம். தள்ளுவண்டி, நாலு டப்பா வெக்கற மாதிரி. மொத்தமா வாங்குனா ஆன்லைன் டெண்டர்னு போயிரும், கண்டவனும் உள்ள வருவான். பத்துப் பத்தாப் பிரிச்சு வாங்கிக்கலாம். நீங்க மூணு கொட்டேஷன் கொண்டாந்துருங்க"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

மூணு கொட்டேஷன்னா உங்களுக்குத் தெரியுமுங்களா? மூணு பேருகிட்ட வெலை கேட்டு, கொறச்சலாக் குடுத்தவனுக்கு வேலை. சட்டம் அப்படி. நடப்பு என்னன்னா, வேலை யாருக்கோ அவனே மூணையும் கொண்டுபோய்க் குடுத்துருவான். ஒண்ணு நெசம், ரெண்டு டம்மி. டம்மியில வெலை எச்சா இருக்கும், நெசம் கீழ வந்துரும். இது தப்பில்லீங்க, இது மொறை. எல்லாரும் பண்றதுதான். அதிகாரிக்கும் அலைச்சல் மிச்சம்.

ஒரு டம்மி என்ர மச்சினன் பேருல. அவன் கோயமுத்தூர்ல ஒரு ஏஜென்சி வெச்சிருக்கறான். ஏஜென்சின்னா லெட்டர்பேடு மட்டுந்தான், கடை கெடையாது. இன்னொண்ணு சென்னியப்பன். அவன் லெட்டர்பேடுல அஞ்சாறு தாளு, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, எப்பவும் என்ர மேஜையில கெடக்கும். என்னுது அவன் மேஜையில. அப்படி ஒரு நம்பிக்கை. ஆனா அவன் ஒருக்காக்கூட என்ர தாள எடுத்து எழுதுனதில்ல. கோயில் கேட்டு, தோட்டத்துக் கேட்டு, அதோட அவன் பொழப்பு முடிஞ்சுது. கவர்மெண்ட் ஆபீஸ் படியேற அவனுக்குத் துப்பில்ல. நான் போயி, உன்ர தாளுல எழுதிக்கறேன்னு சொன்னேன். "எழுதிக்கோ"ன்னான், தலையக்கூடத் தூக்கல. அப்பவே ஒரு மாதிரித்தான் இருந்தான்.

நான் உக்காந்து என் கைப்பட மூணையும் எழுதுனேன். எனக்கு எழுத்து முத்து முத்தா இருக்குமுங்க, சின்னதுல இருந்தே. வெலைய மட்டும் ஏத்தி எழுதுனா டம்மின்னு பச்சையாத் தெரிஞ்சு போயிரும். அதனால சென்னியப்பன் தாளுல கொஞ்சம் வெவரமா எழுதுனேன். கனமான தகடு, பேரிங் வெச்ச சக்கரம், கெட்டி ரப்பர் டயரு, துருப்பிடிக்காத டப்பா, கைப்பிடிக்கு ரப்பர் உறை, மேட்டுல நிறுத்தறதுக்குப் பிரேக்கு. குப்பை வண்டிக்குப் பிரேக்குங்க. எழுதும்போது எனக்கே சிரிப்புத் தாங்கல. என்ர தாளுல 'தள்ளுவண்டி, பச்சைப் பெயிண்டு'ன்னு ஒரே வரி. வெலை கம்மி. அவ்வளவு கச்சிதமாப் பண்ணி வெச்சேன்.

குடுத்து ஒரு வாரம் கூட ஆகல, ஈ.ஓ.வ மாத்திட்டாங்க. ஊஞ்சலும் அவரோட லாரியில ஏறிப் போயிருச்சு.

புதுசா வந்தது ஒரு பொம்பள. சின்ன வயசு, கண்ணாடி போட்டுக்கிட்டு. வந்ததும் முதல் வேலையா, ஷட்டர் ரிப்பேருக்கு பில் எங்கன்னு கேட்டாளாம். பில்லாமா. அன்புக்குப் பண்ணுனதுக்கு எங்கீங்க பில்லு? நான் பழக்கூடையோட போயி நின்னேன். பழத்த பியூன்கிட்டக் குடுத்து, "வெளிய துப்புரவுக்காரங்க இருக்கறாங்க, பங்கு வெச்சுக் குடுத்துருங்க"ன்னுட்டா. என் கண்ணு முன்னாலயே ஆப்பிள எடுத்துக் கடிக்கறாங்க.

அப்பறம் மூணு கொட்டேஷனையும் எடுத்துப் பாத்தா. "மூணு பேரும் ஆளுக்கொரு வண்டி சாம்பிள் பண்ணிக் கொண்டாங்க. தள்ளப் போறவங்க தள்ளிப் பாக்கட்டும், அப்பறம் முடிவு பண்ணலாம். ரெண்டு வண்டியாச்சும் வரலீன்னா இத ரத்துப் பண்ணிட்டு ஆன்லைன்ல போட்டுருவேன்"ன்னா. டம்மியப் போயி சாம்பிள் கேக்கறா. இந்த ஊரு பொறந்ததுல இருந்து எவனாச்சும் டம்மிகிட்ட சாம்பிள் கேட்டிருப்பானா?

மச்சினனுக்குப் போன் பண்ணுனா, எடுக்கறதே இல்ல. நேரா சென்னியப்பன்கிட்ட ஓடுனேன்.

"டேய், ஒரு வண்டி பண்ணிக் கொண்டாடா. சும்மா பக்கத்துல நிக்கறதுக்குத்தான்."

"மாரியம்மன் கோயில் கேட்டு வேலை கெடக்குதே ஈஸ்வரா. நோம்பிக்குள்ள முடிக்கோணும்."

"என்ர பொழப்பே இதுலதான்டா இருக்குது. நீ வரலீன்னா வெளியூர்க்காரன் அடிச்சுட்டுப் போயிருவான்."

கோயில் கேட்ட ஓரமா நகத்தி வெச்சான். நாம நாலு வார்த்தை பேசுனா அவன் அரை வார்த்தை பேசுவான், அதுவே ஒரு திமிரு. அப்பறம், "செரி, எப்படிப் பண்ணோணும்?"னு கேட்டான். "பேப்பர்ல என்ன எழுதியிருக்குதோ அப்படிப் பண்ணுடா, அந்தம்மா பேப்பரும் கையுமா நிப்பா"ன்னேன்.

சொன்னேன். சொல்லலீன்னு சொல்ல மாட்டேன். பதட்டத்துல நாம ஆயிரம் சொல்லுவமுங்க. சொன்னா அப்படியே பண்ணிப் போடறதா? ஒரு சிநேகிதன் என்ன பண்ணோணும்? ரெண்டு ஓட்டைத் தகரத்த ஒட்டி, நாலு சக்கரத்த மாட்டி உருட்டிக்கிட்டு வரோணும். பாத்ததும் மூஞ்சிய சுளிக்கற மாதிரி இருக்கோணும். டம்மிக்கு எவனாச்சும் பேரிங் போடுவானா? நீங்களே சொல்லுங்க.

அன்னிக்கு வெடியால குப்பைக் கெடங்குக்குப் பக்கத்துல வரச் சொல்லியிருந்தாங்க. என்ர வண்டிய நீங்க பாத்திருக்கோணும். பளபளன்னு பச்சைப் பெயிண்டு. முன்னால ஒரு மயில், பெயிண்டர வெச்சு வரைஞ்சது, தோகைக்கு மட்டும் நாலு கலரு. 'தூய்மை நமது பெருமை'ன்னு சுத்தி எழுதுனது. அவன் வண்டி பெயிண்டு கூட அடிக்கல, துருப்புடிக்காம இருக்க ஒரு பூச்சு மட்டும். எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாப் போச்சு. பரவால்ல, புத்தியோடதான் பண்ணியிருக்கறான்னு நெனச்சேன்.

துப்புரவுக்காரங்கள்ல பாப்பாத்தின்னு ஒருத்தி, தாட்டியான பொம்பள. முதல்ல என்ர வண்டியத்தான் எடுத்தா. டப்பா நாலுலயும் ரொப்பறாங்க, எளநிக் கூடு, வாழைத்தண்டு, ஓட்டல்காரன் கொட்டுன ஈரக் குப்பை. அளவு வேண்டாமுங்களா? குப்பை வண்டியில அத்தன குப்பையப் போட்டா எந்த வண்டிங்க தாங்கும்? தள்ளிக்கிட்டுப் போயி வேணும்னே ஒரு குழியில எறக்குனா. முன்சக்கரம் மடங்கிப் போச்சு. ஒரு டப்பா உருண்டு போயி மேடம் காலுகிட்ட நின்னுச்சு. நான் சொன்னேன், மேடம், ரோடு செரியில்ல, ரோடு போட்ட காண்டிராக்டரக் கேளுங்கன்னு. அந்தம்மா செருப்பக் கழட்டித் தொடச்சுக்கிட்டு இருந்தா, காதுலயே வாங்கல.

அப்பறம் அவன் வண்டி. அதே குப்பை, அதே குழி. ஏறி எறங்கிப் போயிருச்சு. மேட்டுல பாதியில நிறுத்தி, பிரேக்கப் போட்டு, ரெண்டு கையையும் உட்டுட்டு அந்தப் பாப்பாத்தி முந்தானையில மூஞ்சியத் தொடச்சா. வண்டி அசையல. அத்தன பேரும் கை தட்டறாங்க. எதுக்குங்க கை தட்டறது, மூஞ்சி தொடச்சதுக்கா? ஒரு கெழவி கிட்டப் போயி அந்தப் பிரேக்கத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா.

நான் சென்னியப்பனப் பாத்தேன். அவன் மண்ணப் பாத்துக்கிட்டு நிக்கறான். மேடம் கூப்புட்டு, உங்க வண்டியத்தான் எடுக்கறோம்னா. அப்ப அவன் சொன்னான் பாருங்க, அதத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும் செமிக்க முடியல. "வேலைய ஈஸ்வரமூர்த்திக்கே குடுங்க மேடம். சக்கரத்த மட்டும் நான் கூட நின்னு செரி பண்ணிக் குடுத்தர்றேன்"னான்.

எப்படி இருக்குது? என்ர வண்டிய இவன் செரி பண்ணிக் குடுக்கறானாமா. ஆபீசே நிக்குது, துப்புரவுக்காரங்க நிக்கறாங்க, அத்தன பேரு முன்னாலயும். அந்தம்மா அதெல்லாம் முடியாதுன்னுட்டா. "வெலை மட்டும் ஜாஸ்தியா இருக்குது"ன்னா. உடனே இவன், "ஆமாங்க மேடம், இவ்வளவு ஆகாதுங்க"ன்னு கொறச்சுட்டான். நான் எத்தன ரோசனை பண்ணி எழுதுன வெலைங்க அது. ஒரே நிமிசத்துல கொறச்சுட்டான். வெலை கேக்கறதுக்கு முன்னால கொறைக்கறவனெல்லாம் ஒரு வியாபாரியா?

பொழுதோட ஊட்டுக்கு வந்தான், பொண்டாட்டியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு. தூக்குப் போசியில வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொண்டாந்திருந்தாங்க. ஆர்டர் கெடைச்ச சந்தோசத்தக் கொண்டாட என்ர ஊட்டுக்கே வர்றாங்கன்னா நெஞ்சழுத்தம் எப்படி இருக்கும்னு பாருங்க. உக்காந்துக்கிட்டு மெதுவாச் சொல்றான். "நான் வேண்டான்னு எழுதிக் குடுத்தா வெளியூருக்குப் போயிருமாம் ஈஸ்வரா. பேரு என் பேருல இருக்கட்டும். வண்டி பூரா உன்ர பட்டறையில பண்ணிக்கலாம், லாபத்த நீயே எடுத்துக்கோ. சக்கரம் மாட்டறப்ப மட்டும் நான் வர்றேன்."

மறுபடியும் சக்கரம். பிச்சை போடறான், அதுலயும் எனக்குச் சக்கரம் மாட்டத் தெரியாதுன்னு சொல்லிக் காமிக்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். வெளிய போடான்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், அதெல்லாம் உங்ககிட்டச் சொல்றதுக்கில்ல. அவன் பொண்டாட்டி அழுதா. ருக்குமணி என் கையப் புடிச்சு இழுக்கறா. போசியத் தள்ளி உட்டேன், கச்சாயம் தரையெல்லாம் உருண்டுச்சு. அந்தப் புள்ள கோகிலவாணி குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போசியில போட்டுக்கிட்டு, என்னைய ஒரு பார்வை பாத்துட்டு அவங்கப்பன் பின்னால போனா. கோவமாப் பாத்திருந்தாக்கூடப் பரவால்லீங்க.

அதோட உட்டிருப்பேன். மனசு கேக்கல. என்ர ஒழைப்பு, என்ர அலைச்சல், அந்த ஊஞ்சல், அந்தத் தகரம், எல்லாம் போயி அவன் மடியில உழுந்துச்சுன்னா எவனுக்குங்க பொறுக்கும்? ஒரு மனு குடுத்தேன். மொட்டையா இல்ல, என்ர பேரு போட்டே குடுத்தேன். சென்னியப்பன் குடுத்தது போலிக் கொட்டேஷன், அத அவன் எழுதவே இல்லைன்னு. உண்மைதானுங்களே? அதுல ஒரு எழுத்து அவன் எழுதல.

ரெண்டு பேரையும் கூப்புட்டாங்க. மேடமும், மேல இருந்து வந்த ஒரு அதிகாரியும். மேஜையில மூணு தாளையும் வரிசையா வெச்சாங்க. அந்த அதிகாரி பாத்தாரு, பாத்தாரு. "மூணும் ஒரே ஆளு எழுதுன மாதிரி இருக்குது. மூணையும் எழுதுனது யாரோ அவரு மேல நடவடிக்கை எடுப்போம், போலீசு வரைக்கும் போகும்"னாரு. நான் ரெண்டு கையையும் மேஜைக்குக் கீழ எறக்கிக்கிட்டேன். நான் சென்னியப்பனப் பத்தி மனு குடுத்தா, இவங்க எழுத்தப் பாக்கறாங்க. என்ன விசாரணைங்க இது.

அங்கதான் அவன் சுயரூபம் வெளிய வந்துச்சு. எந்திரிச்சு நின்னு, "நான்தானுங்க எழுதுனேன்"னான். "மூணுமா?"ன்னாரு. "மூணும் நான்தானுங்க. ஈஸ்வரமூர்த்திக்கு வேலை மும்முரம், எழுதிக் குடுடான்னு என்கிட்டக் குடுத்தாரு. தெரியாமப் பண்ணிட்டேன்"னான்.

பொய்யிங்க. அதிகாரி முன்னால நின்னு, கண்ணு சிமிட்டாமப் பொய். அவன் எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். என்ர எழுத்த, இத்தன லட்சணமான எழுத்தத் தன்னுதுன்னு சொல்லிக்கறான்.

என்னங்க? நான் என்ன சொன்னனா? நான் என்னத்தச் சொல்றது. என்னைய யாரு கேட்டா? கேக்காததுக்கு நாம எதுக்குங்க பதில் சொல்லோணும்.

கையெழுத்து அவன்து, சீல் அவன்து, அவனே ஒத்துக்கிட்டான்னு ஆர்டர ரத்துப் பண்ணிட்டாங்க. போலீசுக்கு மட்டும் போகல, அந்தம்மா பேசித் தடுத்துட்டா. ஆனா இனிமே எந்த ஆபீசுக்கும் அவன் ஒரு ஆணி கூட சப்ளை பண்ண முடியாது. கோயில்காரங்களும் பயந்துக்கிட்டு அந்தக் கேட்டு வேலைய வேற ஆளுகிட்டக் குடுத்துட்டாங்க. குப்பை வண்டி ஆன்லைன்ல போயி எந்த ஊர்க்காரனோ கொண்டாந்து எறக்குனான். என்னைய எச்சரிச்சுத் தாட்டி உட்டாங்க. வெளிய வந்ததும் சென்னியப்பன் பைக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஒரு மனுசன் அத்தன பெரிய பொய்யச் சொல்லிட்டு, அப்படியா ஒண்ணுமே நடக்காத மாதிரிப் போவான்? இன்னிக்கு வரைக்கும் ஏன் அப்படிச் சொன்னேன்னு என்கிட்ட வந்து சொல்லலீங்க. ஊருல யாருகிட்டயும் சொல்லல. என்னமோ மனசுல வெச்சுக்கிட்டுத்தான் பண்ணியிருக்கறான். அது என்னன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வர்றதில்ல.

அவ்வளவுதானுங்க. துரோகி. பொய்க்காரன். சொன்னதச் சொன்னபடி பண்ணி அடுத்தவன் பொழப்பக் கெடுக்கறவன். நான் எதையும் மறைக்கல. இனி உங்க இஷ்டம், பொண்ணெடுக்கறதும் எடுக்காததும்.

எந்திரிச்சுட்டீங்க. காங்கயம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க, டீ சொல்றேன். வேண்டாமா? எங்கீங்க போறீங்க அந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டு இப்படிப் போகோணும். சென்னியப்பன் ஊட்டுக்கா? பூ வெக்கறதுக்கு நாள் பேசவா, இன்னிக்கேவா? ஏனுங்க, நான் இத்தன நேரம் சொன்னது உங்க காதுல உழுந்துச்சா இல்லையா?

என்ன சொல்றீங்க? அந்தப் புள்ளையா? கோகிலவாணியா உங்களை இங்க அனுப்புனா?

என்ன சொல்லி அனுப்புனா? நில்லுங்க, அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை மாத்தாமச் சொல்லுங்க.

"ஈஸ்வரமூர்த்திப் பெரியப்பாகிட்டப் போயி எங்கப்பாவப் பத்திக் கேளுங்க. திட்டுவாரு. திட்ட ஆரம்பிச்சதும் எந்திரிச்சுராதீங்க, இதுக்கு முன்னால வந்தவங்க பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவரு சொல்றத முச்சூடும் கேளுங்க. கேட்டுட்டு எங்க ஊட்டுக்கு வர்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க." அப்படியா சொன்னா?

பெரியப்பான்னா சொன்னா? இன்னுமா அப்படிச் சொல்றா?

என்ன புள்ளைங்க இது. முச்சூடும் கேட்டா என்னத்தத் தெரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சா அவ? நான் திட்டத்தானே செஞ்சேன். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் திட்டத்தானே செஞ்சேன். அவனப் பத்தி ஒரு நல்ல வார்த்தை என் வாயில வந்துச்சா? சொல்லுங்க, ஒண்ணாச்சும் வந்துச்சா?

எனக்கு எதுக்குங்க கும்புடு போடறீங்க? நில்லுங்க. ஏனுங்க, உங்களைத்தான். என்னத்தக் கேட்டுட்டுங்க போறீங்க நீங்க?